எலும்பைப் படித்த மருத்துவர் ஹியூ பால்கனர்

நம் பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலும் கருவேலங் காடுகளிலும் உடும்பு ஓடுவதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே போகும். ஆள் அரவம் கேட்டால் புற்றுக்குள் புகுந்துகொள்ளும். பல்லிக்கு அண்ணன் உடும்பு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விலங்கியல் கணக்குப்படி அது வேடிக்கையன்று, உண்மையே. உடும்பும் பல்லி இனத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த உடும்பு வமிசத்தில், சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, இமயமலை அடிவாரத்தில், மிகப் பெரிய உடும்பொன்று வாழ்ந்து மறைந்தது. அதன் முழு உடம்பு எவருக்கும் கிடைக்கவில்லை. முதலில் கிடைத்ததெல்லாம் முன்னங்காலின் மேற்கை எலும்பில் ஒரு பகுதி, அதாவது முழங்கைப் பக்கத்து முனை மட்டுமே. அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, இது உடும்புதான், ஆனால் இன்று உயிரோடுள்ள எந்த உடும்பும் அன்று எனத் தெளிந்து, சிவாலிக் மலையின் பெயரையே அதற்குச் சூட்டியவர் டாக்டர் ஹியூ பால்கனர். விலங்கியல் ஏடுகளில் அது வாரானஸ் சிவாலென்சிஸ் எனப்படும். ஒரு மருத்துவர், அதுவும் தோட்டம் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கியவர், இந்த வித்தையை எங்கே கற்றார்? அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் பாரஸ் என்றொரு சிற்றூர். அங்கே 1808-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் பால்கனர் பிறந்தார். நான்காண்டுக்கு ஒருமுறையே பிறந்த நாள் வரும் பேறு பெற்றவர் அவர். ஐம்பத்தாறு வயது வரை வாழ்ந்தும், பிறந்த தேதியை அவர் கண்டது பதினான்கு முறைதான்!

அவர் பிறந்த அதே 1808-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஒரு வழக்குத் தீர்ந்தது. அதைச் சொல்லாமல் பால்கனரின் வேலையை விளக்க முடியாது. ஹாலந்து நாட்டு மாஸ்ட்ரிக்ட் நகரின் சுண்ணாம்புக் கல் சுரங்கங்களிலிருந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கூரிய பற்கள் வரிசையாக நிற்கும் பிரம்மாண்டமான தாடைகள் கிடைத்தன. முதலை என்றனர் சிலர். திமிங்கிலம் என்றார் பீட்டர் காம்பர் என்ற பேரறிஞர். அவருடைய மகன் ஏட்ரியன் காம்பரோ தந்தையின் கூற்றைத் தள்ளிவிட்டு, இது உடும்பை ஒத்த ஒரு பெரும் பல்லி என்று கண்டார். எலும்பியலில் அக்காலத்தில் ஈடு இணையற்றவராயிருந்த குவியர் 1808-இல் மகனின் கட்சியே சரி என்று நிலைநாட்டினார். மோசசாரஸ் என்று பிற்பாடு பெயர் பெற்ற கடல்வாழ் பிராணி அதுதான். மகன் ஜெயித்ததற்குக் காரணம் எளிது. தந்தை பெரும் உருவத்தைப் பார்த்தார். மகன் எலும்புகளின் அமைப்பைப் பார்த்தார். உருவத்தின் பருமன் உறவைக் காட்டாது. எலும்பின் மூட்டும் பள்ளமும் துளையுமே உறவைக் காட்டும். குவியர் வகுத்த வழி இதுவே. உயிரோடிருக்கும் பிராணிகளின் எலும்புகளை முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு, மறைந்த பிராணியின் எலும்பை ஒவ்வொன்றோடும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

பால்கனர் அபர்டீனில் பட்டப் படிப்பையும் எடின்பரோவில் மருத்துவப் படிப்பையும் முடித்தார். 1829-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி மருத்துவர் வேலையும் கிடைத்தது. ஆனால் அவ்வேலையில் சேர இருபத்திரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். அது நிரம்பவில்லை! காத்திருக்க வேண்டிய அந்த மாதங்களை இளைஞர் லண்டனில் ஊர் சுற்றிப் போக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்திருந்த உலர் தாவரத் தொகுப்பைத் தாவர அறிஞர் வாலிச்சோடு சேர்ந்து ஒழுங்குபடுத்தினார். பர்மாவின் ஆவா பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த புதைபடிவ எலும்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். புதைபடிவம் என்பது மண்ணுள் புதையுண்டு நெடுங்காலத்தில் கல்லாகிப் போன உயிரின் எச்சம். செடியும் எலும்பும் ஆகிய இரண்டும் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1830-இல் கல்கத்தா வந்திறங்கினார். 1832-இல், இருபத்து நான்கே வயதில், வடக்கே சகாரன்பூரிலிருந்த தாவரத் தோட்டத்தின் மேற்பார்வையாளர் ஆனார். தோட்டத்துக்கு வடக்கே சிவாலிக் குன்றுகள். அவற்றுக்கும் அப்பால் பனிமலை.

சிவாலிக் குன்றுகளை இமயத்தின் வாசற்படி எனலாம். இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மணலும் களிமண்ணும் கூழாங்கல்லும் படிந்து படிந்து இறுகி, பின்னர் நிலம் மடிந்து மேலெழுந்ததால் உண்டான மலை அது. ஆற்று வண்டலில் என்ன இருக்கும்? ஆற்றங்கரையில் மாண்ட பிராணிகளின் எலும்பிருக்கும். இக்குன்றுகளின் பாறையைப் பார்த்த அளவிலேயே, ஆவாவின் எலும்புப் பாறைகளை இது ஒத்தது, இங்கும் எலும்பு கிடைக்க வேண்டும் என்று பால்கனர் ஊகித்தார். இன்னொரு தடயமும் அவருக்குக் கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் கால்வாய் வெட்டியபோது யானை எலும்புகளும் அரக்க உருவினரான மனிதர் எலும்புகளும் அகப்பட்டதாகப் பெரிஷ்தா என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருந்தார். அரக்கர் கதை என்று மற்றவர்கள் ஒதுக்கியதைப் பால்கனர் ஒதுக்கவில்லை. அரக்கர் இல்லாவிட்டாலும் எலும்பு இருந்திருக்குமல்லவா?

அப்போது யமுனைக் கால்வாய் வேலையில் இருந்தவர் புரோபி காட்லி என்ற பொறியாளர். பின்னாளில் கங்கைக் கால்வாயைக் கட்டிப் புகழ் பெற்றவர் இவரே. காட்லியும் பால்கனரும் நண்பர்களாயினர். பேக்கர், டியூராண்ட் என்ற வேறு இரு பொறியாளர்களும் அதே வேட்டையில் இறங்கினர். 1834-இல் நாஹன் அரசரிடமிருந்து ஒரு யானைப் பல்லின் புதைபடிவம் கைக்கு வந்தது. அது கிடைத்த இடத்தை விசாரித்துக்கொண்டு பால்கனர் போனார். ஆறே மணி நேரத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புத் துண்டுகளைச் சேர்த்துவிட்டார் என்றால் அந்த மண்ணின் வளத்தை எண்ணிப் பாருங்கள். தோண்டியதும் சுமந்ததும் அவ்வூர்க் கூலியாட்கள். பெயர் நிலைத்ததோ துரைமார்களுக்கு. இதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யானைகளில் பல வகை, நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி, ஒட்டகம், குரங்கு, முதலை, ஆமை என்று அந்தக் குன்றுகள் ஒரு பெரிய மிருகக்காட்சிசாலையையே உள்ளடக்கியிருந்தன. கிளைத்த கொம்புகளும் யானை போன்ற பருத்த உடலும் கொண்ட, ஒட்டகச்சிவிங்கியின் உறவுப் பிராணி ஒன்றுக்குச் சிவனின் பெயரால் சிவாத்தீரியம் என்று பெயரிட்டனர். பத்தடிக்கு மேற்பட்ட தந்தங்களையுடைய ஒரு யானைக்குக் கணேசர் பெயர் கிடைத்தது. பெயர் வைப்பதில் இந்த மண்ணின் மரபை அவர்கள் மதித்தது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

கண்டெடுப்பது ஒரு வேலை. கண்டது எதுவென்று சொல்வது வேறு வேலை. இரண்டாவதுதான் கடினம். பாரிசில் குவியருக்கு அலமாரி அலமாரியாக எலும்புக்கூடுகள் இருந்தன. லண்டனில் அருங்காட்சியகங்கள் இருந்தன. சகாரன்பூரில் என்ன இருந்தது? ஒத்துப் பார்க்க ஓர் எலும்புக்கூடு இல்லை. புரட்டிப் பார்க்கப் போதிய நூல்கள் இல்லை. லண்டனுக்குக் கடிதம் எழுதினால் பதில் வர மாதக் கணக்காகும். வேறொருவராயிருந்தால் எலும்புகளைப் பெட்டியில் போட்டுச் சீமைக்கு அனுப்பிவிட்டு, அங்குள்ள பெரியவர்கள் சொல்லும் தீர்ப்புக்குக் காத்திருப்பார்.

பால்கனரும் காட்லியும் காத்திருக்கவில்லை. அவர்களைச் சுற்றிக் காடு இருந்தது, ஆறு இருந்தது, சதுப்பு நிலம் இருந்தது. அவற்றில் திரிந்த உயிர்களையே அவர்கள் தம் அருங்காட்சியகமாக்கிக் கொண்டனர். வேட்டையில் கிடைத்த விலங்குகளின் சதையை நீக்கி, எலும்புகளைச் சுத்தம் செய்து, பலவகை எலும்புக்கூடுகளைத் தாமே தயாரித்தனர். கல்லாய்ப் போன எலும்பு ஒரு பக்கம், வெள்ளை வெளேரென்ற புது எலும்பு மறுபக்கம். இப்படி வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அளந்து ஒப்பிட்டனர். குவியரின் முறையை, குவியரின் வசதிகள் ஏதுமின்றி, காட்டோரத்தில் இருந்துகொண்டு செய்து காட்டினர். என் கணக்கில் பால்கனரின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய செயல் வேறில்லை.

இனி நம் உடும்புக்கு வருவோம். ஓர் எலும்பு முனையிலிருந்து எப்படித் தீர்ப்புச் சொல்வது? அடுக்களையில் கிடக்கும் ஒரு மூடியைப் பார்த்தே, இது எண்ணெய்த் தூக்கின் மூடி, இது ஊறுகாய்ச் சாடியின் மூடி என்று நம் வீட்டு ஆச்சிமார் சொல்லிவிடுவார்கள் அல்லவா? மூடி எதனோடு பொருந்த வேண்டுமோ அதற்கேற்ப அதன் விளிம்பு அமைந்திருக்கிறது. மூட்டு எலும்பும் அப்படித்தான். மேற்கை எலும்பின் கீழ்முனையில் முன்கையின் இரண்டு எலும்புகளும் வந்து பொருந்துகின்றன. அவை பொருந்தும் இரு குமிழ்களின் வடிவம் பாலூட்டிக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று, முதலைக்கு ஒன்று, பல்லிக்கு ஒன்று. பல்லி இனத்தில் இம்முனை பக்கவாட்டில் நன்கு அகன்று விரிந்திருக்கும். அதன் வெளியோரத்தில் நரம்பு செல்வதற்கு ஒரு சிறு துளையும் காணப்படும்; முதலையின் எலும்பில் அத்துளை இல்லை. வயிறு தரையில் உராய ஊர்ந்தும், முன்னங்கால்களைப் பக்கவாட்டில் வீசி நடந்தும், நகத்தால் வளை பறித்தும் வாழும் பிராணிக்குத் தசைகள் பற்றிக்கொள்ள அகன்ற இடம் வேண்டும். உடும்புப் பிடி என்று நாம் பழமொழியாகச் சொல்வதற்கான வலுவெல்லாம் அந்த எலும்பின் அகலத்தில் எழுதியிருக்கிறது.

இப்படி ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு கதவு திறந்திருக்கும். வடிவம் உடும்பு என்றது. அளவோ நாட்டில் திரியும் உடும்புகளையெல்லாம் மிஞ்சியது. இங்கேதான் துணிவு வேண்டும். நம் ஊர் உடும்பு தலை முதல் வால் நுனி வரை ஐந்தரை அடி, மிஞ்சினால் ஆறடிக்குள். நீர் உடும்பு அதைவிட நீளம். கொமோடோ தீவுகளில் பத்தடி உடும்புகள் உண்டே என்று இன்று நாம் சொல்லலாம். பால்கனர் காலத்தில் அந்தக் கொமோடோ உடும்பை அறிவியல் உலகம் அறியாது. கண்ணால் கண்ட சாட்சி எதுவுமில்லாமல், அவ்வளவு பெரிய உடும்பு ஒரு காலத்தில் இந்தியாவில் இருந்தது என்று எலும்பை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டியிருந்தது.

இந்த முறையில் ஆபத்தே இல்லையென்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. சிவாலிக்கில் கிடைத்த ஒரு பேராமையின் உடைந்த துண்டுகளைக் கொண்டு, அதன் ஓடு பன்னிரண்டடி நீளம் இருக்கும் என்று பால்கனரும் காட்லியும் கணக்கிட்டனர். உலகைத் தாங்கும் ஆமையைப் பற்றி நம் புராணங்கள் சொல்வதுகூட இந்த ஆமையின் பழைய நினைவாக இருக்குமோ என்று பால்கனர் ஆராய்ந்ததுண்டு. ஆனால் பிற்கால அறிஞர் கணக்கில் அந்த ஓடு இரண்டு மீட்டர் அளவுக்குக் குறுகிவிட்டது. அதுவும் பெரிய ஆமைதான்; உலகைத் தாங்க மட்டும் போதாது!

நம் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மத்தியப் பிரதேசத்தில் டிகி என்ற இடத்தின் பழம்பாறையில் கிடைத்த ஒரு சிறு தாடைக்கு 2006-இல் டிகிகுவானா என்று பெயரிட்டு, இருபது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, உலகின் மிகப் பழைய பல்லிகளுள் ஒன்று என அறிவித்தனர். 2012-இல் வேறு அறிஞர்கள் அதை மீண்டும் ஒத்துப் பார்த்தனர். அத்தாடை இன்று வேலியோரம் ஓடும் ஓணான் வகைகளின் தாடையோடு அப்படியே பொருந்தியது. பழம்பாறையின் மேற்பரப்பில் பிற்காலத்து எலும்பு கலந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஒத்துப் பார்ப்பதற்கு எத்தனை எலும்புகளை முன்னால் வைத்துக்கொண்டோம் என்பதைப் பொறுத்தே தீர்ப்பு அமைகிறது.

சிவாலிக் கண்டுபிடிப்புகளுக்காக லண்டன் நிலவியல் கழகம் தன் மிக உயர்ந்த சிறப்பான உல்லாஸ்டன் பதக்கத்தை 1837-இல் பால்கனருக்கும் காட்லிக்கும் சேர்த்து வழங்கியது. பால்கனருக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

பதக்கத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் காசுமீரம் நோக்கிப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு பால்டிஸ்தானின் பனியாறுகள் வரை சென்றார். வழியில் அஸ்தோர் பள்ளத்தாக்கில், பெருங்காயம் தரும் செடிவகை ஒன்று தானே முளைத்து வளர்வதைக் கண்டு அறிவியலுக்கு எடுத்துரைத்தார். தினமும் ரசத்தில் போடுகிறோமே, அந்தப் பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சித்த மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்று விற்கிறார்களே, பழங்கால ரோமாபுரிவரை சென்று விலைபோன அந்த வேர், காசுமீர மலைகளில் விளையும் எந்தச் செடியினுடையது என்பதைத் தெளிவாக்கியவரும் அவரே. இமயச் சரிவுகளில் தேயிலை பயிரிடலாம் என்று யோசனை கூறி, முதல் நாற்றுகளைத் தம் மேற்பார்வையில் வளர்த்தவர்களுள் அவர் முக்கியமானவர்.

மலைப் பயணங்களில் உடல்நலம் கெட்டு, 1842-இல் விடுப்பில் தாயகம் திரும்பினார். கூடவே கப்பலேறியவை எழுபது பெரிய பெட்டிகளில் உலர் தாவரங்கள். நாற்பத்தெட்டுப் பெட்டிகளில் எலும்புகள். எலும்புகளின் எடை மட்டும் ஐந்து டன். நம் நாட்டு மண்ணிலிருந்து போன அப்பொருள்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தங்கிவிட்டன. உடும்பின் எலும்பு முனையும் அங்கே சேர்ந்ததுதான். சிவாலிக்கின் பழைய விலங்குகள் என்ற பெருநூலை அவரும் காட்லியும் தொடங்கினர். 107 படத் தாள்கள் 1846 முதல் 1849 வரை ஒன்பது பகுதிகளாக வெளிவந்தன. படங்கள் வந்தன, விளக்கம் வரவில்லை. எழுத்துப் பகுதி முதல் பாகத்தோடு நின்றுபோனது.

இந்த இடத்தில் பால்கனரின் குறையைச் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு நினைவாற்றல் அபாரம். பார்த்த எலும்பை மறக்கமாட்டார். எதையும் இன்னும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிவைப்பார். தள்ளிவைத்தவை குவிந்துகொண்டே போயின. அவசரப்பட்டு அச்சேற்றிப் பின்னர் வெட்கப்படுவோர் ஒரு வகை. அச்சேற்றாமலே விட்டுவிடுவோர் மற்றொரு வகை. முதல் வகையினரைவிட இரண்டாம் வகையினரால் அறிவுலகுக்கு நேரும் இழப்பு குறைவென்று சொல்ல முடியாது.

1848-இல் மீண்டும் இந்தியா வந்தார். கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைமையோடு மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. 1850-இல் அரசாங்கம் அவரைப் பர்மாவின் தெனாசரிம் பகுதிக்கு அனுப்பியது. நம் செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளில் நிற்கும் தூண்களும் சித்திரக் கதவுகளும் பர்மாத் தேக்கு என்று பெருமையோடு காட்டுகிறோம் அல்லவா? அந்நாட்டுத் தேக்குக் காடுகள் மட்டுமரியாதையின்றி வெட்டப்பட்டு அழிந்துகொண்டிருந்தன. அவற்றின் நிலையை நேரில் கண்டு அறிக்கை எழுதியவர் பால்கனர். மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினா தரும் சிங்கோனா மரத்தை இந்திய மலைகளில் வளர்க்க வேண்டும் என்று 1852-இல் வற்புறுத்தினார். எட்டொன்பது ஆண்டுகள் கழித்து நீலகிரியில் அம்மரம் வேரூன்றியது.

1855-இல் வேலையிலிருந்து விலகி இங்கிலாந்து திரும்பினார். அதன் பிறகு குகை குகையாக அலைந்தார். பிரிக்ஸ்ஹாம் குகை, சிசிலித் தீவின் குகைகள், கடைசியாக ஜிப்ரால்டர். மால்டா தீவில் கிடைத்த குள்ள யானைகளின் எலும்புகளையும் ஆராய்ந்தார். மறைந்துபோன விலங்குகளோடு மனிதனும் ஒரே காலத்தில் வாழ்ந்தானா என்ற கேள்வி அப்போது ஐரோப்பாவை உலுக்கிக்கொண்டிருந்தது. 1858-இல் பிரான்சில் அப்பவில் என்ற ஊருக்குச் சென்று, அங்கே பூஷே தெ பெர்த் சேர்த்து வைத்திருந்த கற்கருவிகளைப் பார்த்தார். எல்லாரும் கேலி செய்த அந்த முதியவரின் கூற்றில் உண்மையிருக்கிறது என்று உணர்ந்து, நிலவியல் அறிஞர் பிரஸ்ட்விச்சை அங்கே போய்ப் பார்க்குமாறு தூண்டினார். மனித குலத்தின் தொன்மை ஏற்றுக்கொள்ளப்பட்டதில் அந்தத் தூண்டுதலுக்குப் பெரும் பங்குண்டு.

அப்பயணத்தில் அவரோடு சென்றவர் அவருடைய சகோதரியின் மகள் கிரேஸ் மில்ன். இளம் வயதிலேயே கணவரை இழந்து மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பெண் அவர். பெண்களைக் கல்லூரிக்குள் விடாத காலம். கிரேஸ் மாமனோடு குகைகளையும் அருங்காட்சியகங்களையும் சுற்றியே நிலவியலைக் கற்றுக்கொண்டார். பின்னாளில் பொதுமக்களுக்காக நிலவியல் கட்டுரைகள் எழுதினார். 1870-இல் பிரஸ்ட்விச்சையே மணந்து, ஆக்ஸ்போர்டில் பேராசிரியரான அவருடைய நூல்களிலும் விரிவுரைகளிலும் துணை நின்றார்.

டார்வினுக்கும் பால்கனர் நண்பர்தான். ஆயினும் இனங்கள் மாறி மாறி வந்தன என்ற டார்வினின் கொள்கையை முழுவதும் ஏற்க அவர் தயங்கினார். யானைகளின் பற்கள் நெடுங்காலம் மாறாமல் நின்றதைத் தம் கண்ணால் கண்டவர் அல்லவா? கருத்து வேறுபாடு நட்பைக் கெடுக்கவில்லை.

1864-இல் ஜிப்ரால்டரின் குகை எலும்புகளைப் பார்க்கப் போனார். அங்கே முன்னரே அகப்பட்டிருந்த ஒரு வினோதமான மண்டையோட்டைப் பஸ்க் என்ற அறிஞரோடு சேர்ந்து ஆராய்ந்தார். நியண்டர்தால் மனித இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மண்டையோடு அது என்பது பிற்கால அறிஞர் கருத்து. குளிர் காலத்தில் அவசரமாக ஊர் திரும்பிய பயணம் அவர் உடலைத் தாக்கியது. மூட்டுவாதக் காய்ச்சல் கண்டு, நெஞ்சும் பாதிக்கப்பட்டு, 1865-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் லண்டனில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபோது, எழுதப்படாத நூல்களும் அவரோடு மறைந்தன. மேசையில் எஞ்சியவை குறிப்பேடுகள், அளவுகள் எழுதிய தாள்கள், பாதியில் நின்ற கட்டுரைகள். சார்லஸ் மர்ச்சிசன் என்ற மருத்துவ நண்பர் அந்தத் தாள்களைப் பொறுமையாகப் பிரித்து, படித்து, ஒழுங்கு செய்து, 1868-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். சிவாலிக் உடும்பின் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது அந்நூலில்தான். அதனால்தான் உடும்பின் பெயருக்குப் பின்னால் பால்கனர், 1868 என்று விலங்கியல் நூல்கள் குறிக்கின்றன. இறந்து மூன்றாண்டுகள் ஆன ஒருவர் வைத்த பெயர்! மர்ச்சிசன் அந்தத் தாள்களைக் குப்பையில் போட்டிருந்தால், அருங்காட்சியகத்தில் ஒரு கல்துண்டு மட்டும் பெயரில்லாமல் கிடந்திருக்கும்.

அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்குள், ரிச்சர்டு லைடெக்கர் என்ற அறிஞர் சிவாலிக் தொகுப்பிலிருந்த சில முதுகெலும்புக் கண்ணிகளையும் இந்த உடும்புக்கே உரியவை என்று சேர்த்தார். உடும்பின் முதுகுக் கண்ணியைக் கண்டுபிடிப்பது எளிது. அதன் முன்பக்கம் குழிந்தும், பின்பக்கம் உருண்டு புடைத்தும் இருக்கும், முதலைக்கும் அப்படியே. ஆனால் முதலையில் அந்த உருண்டை வட்டமாயிருக்க, உடும்பில் அது குறுக்கே அகன்று தட்டையாகி, சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதற்கு முன்னே இடுப்புப் போல ஒடுங்கியும் இருக்கும். ஒற்றை எலும்பாய் இருந்த பிராணிக்கு இவ்வாறு முதுகும் கிடைத்தது.

பால்கனர் பார்க்காமல் போன காட்சி ஒன்றுண்டு. கிழக்கிந்தியத் தீவுகளில் ஆளையே அடித்துத் தின்னும் நிலமுதலை இருப்பதாக மாலுமிகள் பேசிக்கொண்டனர். 1912-ஆம் ஆண்டு, ஜாவாத் தீவின் பைட்டன்சார்க் நகர அருங்காட்சியகத் தலைவர் ஒவன்ஸ், அங்கிருந்து வந்த தோலையும் படத்தையும் பார்த்து, அது முதலையன்று, பத்தடி வளரும் உடும்பு என்று உலகுக்கு அறிவித்தார். அதுதான் கொமோடோ உடும்பு. அப்போது பால்கனர் மறைந்து நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.